லேசர் செய்யக் கீழே போகிறவர்களுக்கு

நீலகிரி வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கண்ணைப் பற்றியவை, அதிலும் கண்ணாடி பவரைப் போக்கும் லேசருக்காக மலையிறங்கிக் கோவை போவதைப் பற்றியவை. மற்றவற்றை அடுத்த முறைக்கு ஒத்தி வைத்துவிட்டேன். மிக்ஸி வாரண்டி கேட்டிருக்கும் அருவங்காடு வாசகர் மன்னிக்கவும்.

கேள்வி: எனக்கு வயது 24, ஊர் குன்னூர். வலது கண் மைனஸ் 5.5, இடது கண் மைனஸ் 6. ஆபீசுக்குப் போகும்போது கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். தை மாதம் கல்யாணம். அதற்குள் லாசிக் செய்துவிட வேண்டும் என்று அம்மா ஒரே பிடிவாதம். கோவையில் மூன்று இடங்களில் விசாரித்தோம். ஒரு இடத்தில் 28 ஆயிரம், இன்னொன்றில் 65 ஆயிரம், மூன்றாவதில் 1 லட்சத்து 10 ஆயிரம். எதை நம்புவது?

பதில்: மூன்று இடத்துக்கும் மறுபடி போன் போட்டு, "இது ஒரு கண்ணுக்கா, இரண்டுக்குமா?" என்று முதலில் கேளுங்கள். 28 ஆயிரம் என்பது ஒற்றைக் கண் விலையாக இருக்க நிறைய வாய்ப்பு. விளம்பரத்தில் தொகை கொட்டை எழுத்தில் இருக்கும், 'ஒரு கண்ணுக்கு' என்பது மட்டும் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும்.

அது தெளிந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. மூன்று பேரும் ஒரே சிகிச்சையைச் சொல்லியிருக்க மாட்டார்கள். லாசிக் என்றால் கருவிழியின் மேல் மெல்லிய மூடி போல ஒரு படலத்தை அறுத்துத் திறந்து, அடியில் லேசரால் செதுக்கி, மூடியைத் திரும்பப் படுக்க வைப்பது. அந்த மூடியைப் பிளேடு வைத்த கருவியாலும் அறுக்கலாம், லேசராலும் அறுக்கலாம். பிளேடுதான் மலிவு. பி.ஆர்.கே. முறையில் மூடியே கிடையாது. மேல்தோலை நீக்கிவிட்டு நேராகச் செதுக்குவார்கள். தோல் திரும்ப வளரும் வரை நாலைந்து நாள் லென்ஸ் ஒன்றைக் கட்டுப் போல வைத்திருப்பார்கள், முதல் மூன்று நாள் எரிச்சலும் வலியும் நன்றாகவே இருக்கும். ஸ்மைல் முறையில் சின்னத் துளை வழியாக உள்ளிருந்து ஒரு சில்லை உருவி எடுப்பார்கள். விலை கூடுதல். ஆக, 28-க்கும் 110-க்கும் நடுவே இருப்பது பேராசை மட்டும் இல்லை, பொருளே வேறு.

உங்களுக்கு எது பொருந்தும் என்பதை விலைப்பட்டியல் சொல்லாது, பரிசோதனைதான் சொல்லும். கணக்கு எளிது. கருவிழியின் சராசரித் தடிமன் ஏறக்குறைய 540 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மூடிக்கு 110 போய்விடும். ஒரு பவரைக் குறைக்க சுமார் 14 மைக்ரான் செதுக்க வேண்டும் என்று வையுங்கள், உங்கள் 6 பவருக்கு 84. மிச்சம் 346. அடியில் குறைந்தது 250 மிஞ்ச வேண்டும், 300 இருந்தால்தான் நிம்மதி என்பவர்களும் உண்டு. உங்களுக்கும் அந்தச் சராசரித் தடிமன் இருந்தால் தாராளமாகத் தேறிவிடுவீர்கள். அதே 6 பவர், ஆனால் தடிமன் 480 மட்டும் என்றால் மிச்சம் 286. இங்கே நல்ல டாக்டர் கொஞ்சம் தயங்குவார். பி.ஆர்.கே. செய்யலாம் என்பார், இல்லை கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் ஐ.சி.எல். பற்றிப் பேசுவார், அதுவும் இல்லையென்றால் கண்ணாடியே போதும் என்று அனுப்பிவிடுவார். அப்படி அனுப்பினால் கோபப்படாதீர்கள். பரிசோதனைக்குக் கொடுத்த ஒன்றிரண்டாயிரம்தான் இந்த மொத்தச் செலவிலேயே உருப்படியான காசு.

தடிமன் மட்டுமல்ல, வடிவமும் முக்கியம். கருவிழி கூம்பு மாதிரி முன்னால் துருத்திக்கொண்டு வரும் கெரட்டோகோனஸ் என்ற கோளாறு ஆரம்பத்தில் கண்ணாடிக் கடைச் சோதனையில் தெரியாது. கருவிழியை வரைபடமாக எடுக்கும் டோபோகிராபியில்தான் தெரியும். அது இருப்பவருக்கு லாசிக் செய்தால் கண் இன்னும் கெடும். அடிக்கடி கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ளவர்கள் டாக்டர் கேட்காமலே இதை அவரிடம் சொல்லிவிட வேண்டும். டோபோகிராபி எடுக்காமல் 'நாளைக்கே வாங்க' என்று தேதி கொடுக்கும் இடத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

லென்ஸ் போடுகிறீர்கள் என்பதால் இன்னொன்று. சாதாரண மென்லென்ஸ் என்றால் பரிசோதனைக்கு ஒன்று இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். சிலிண்டர் பவருக்கான லென்ஸும் கெட்டி லென்ஸும் இன்னும் அதிக நாள். லென்ஸ் கருவிழியை அழுத்தி வைத்திருப்பதால் அளவு தப்பாக வரும்.

எழுத்தில் வாங்க வேண்டியவை: சொன்ன தொகையில் பரிசோதனை, சொட்டு மருந்து, பின்னால் வரும் செக்கப் எல்லாம் அடக்கமா? கொஞ்சம் பவர் மிஞ்சினால் மறுபடி செய்வதற்கு எத்தனை மாதம் வரை காசு கிடையாது? பரிசோதனைக்குப் பிறகு வேறு முறைக்கு மாற்றினால் தொகை எவ்வளவு? 'வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியே வேண்டாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாற்பதைத் தாண்டியதும் படிக்கும் கண்ணாடி ஏறக்குறைய எல்லோருக்கும் வரும், லேசர் செய்தவருக்கும் வரும்.

கல்யாணத்துக்கு வருவோம். இப்போது ஐப்பசி. தைக்கு மூன்று மாதம்கூட முழுதாக இல்லை. லாசிக் செய்த மறுநாளே பார்வை தெளிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் கண் காய்ந்து உறுத்துவது சிலருக்கு ஆறு மாதம் வரை நீடிக்கும். அந்தக் கண்ணோடு ஹோமப் புகை முன்னால் இரண்டு மணி நேரம், கண் மை, விடியவிடிய போட்டோகிராபரின் லைட். அம்மாவிடம் நானே பேசுகிறேன் என்று சொல்லுங்கள். கடந்த ஒரு வருடமாகப் பவர் மாறாமல் இருந்து, லென்ஸை இன்றே நிறுத்தி, இரண்டு வாரத்தில் பரிசோதனை முடிந்தால் செய்யலாம். கார்த்திகை தாண்டினால் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் பவர் ஆடும், அப்போது செய்யமாட்டார்கள். அதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: மகனுக்குக் கோவையில் லேசர். அன்றே கோத்தகிரி திரும்பிவிடலாமா? மலை ஏறும்போது காது அடைக்கிறதே, ஆபரேஷன் செய்த கண்ணுக்கு ஒன்றும் ஆகாதா?

பதில்: காதுக்குள் காற்று அடைபட்டிருக்கிறது, அதனால் மேலே போகப்போக அடைக்கிறது. லேசர் செய்த கண்ணுக்குள் காற்று இல்லை. கோத்தகிரி உயரத்துக்கு அது எதுவும் செய்யாது.

ஆனால் இதே கேள்வியை விழித்திரை ஆபரேஷன் செய்தவர் கேட்டால் என் பதில் தலைகீழ். விழித்திரை விலகலுக்குச் செய்யும்போது சில சமயம் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைப்பார்கள். மலை ஏறினால் அந்தக் குமிழி விரிந்து கண் அழுத்தம் எகிறும், பார்வையே போகலாம். குமிழி முழுக்கக் கரைந்துவிட்டது என்று டாக்டர் சொல்லும் வரை, சில சமயம் வாரக்கணக்கில், கீழேயே தங்க வேண்டும். கண் ஆபரேஷன் முடிந்து மலைக்குத் திரும்பும் எவரும் "நான் கோத்தகிரிக்காரன், ஏறலாமா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். சமவெளி டாக்டருக்கு அது சட்டென்று தோன்றாமல் போகலாம்.

மகன் விஷயத்தில், லாசிக், ஸ்மைல் என்றால் மறுநாள் காலை செக்கப் இருக்கும். அதனால் ஒரு ராத்திரி தங்குவதே புத்திசாலித்தனம். மேட்டுப்பாளையத்தில் சொந்தக்காரர் இருந்தால் போதும். பி.ஆர்.கே. என்றால் அந்தக் கட்டு லென்ஸை எடுக்கும் வரை தங்கிவிடுங்கள். வலியோடு இரண்டு தடவை ஏறி இறங்குவது தண்டனை.

போன வருடம் தம்பி மகளுக்குத் துணையாக நான் போனேன். ஆபரேஷன் அறையில் சென்ட் கூடாது என்று பவுடரைக்கூடத் துடைக்கச் சொன்னார்கள். ஊசி இல்லை, மரத்துப்போகச் சொட்டு மருந்து மட்டும். கண்ணை ஒரு வளையம் அழுத்துகிறது, சில நொடி எல்லாம் இருட்டாகிறது, முடி கருகுகிற மாதிரி வாசனை வருகிறது என்றாள். கருகுவதில்லை, லேசர் திசுவைச் செதுக்கும் வாசனை அது. வெளியே வந்த ஒரு மணி நேரத்தில் வெங்காயம் நறுக்கியது போல எரிச்சல், கண்ணீர். தூங்கி எழுந்ததும் போய்விட்டது. மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவளை நகர்த்தி உட்கார வைத்தேன், காற்றும் தூசியும் படக்கூடாது. போனில் அலாரம் வைத்து, குஞ்சப்பனை தாண்டும்போது ஒரு சொட்டு, அரவேணுவில் ஒரு சொட்டு. ஒரு வாரம் ராத்திரி பிளாஸ்டிக் மூடியைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டித் தூங்கினாள், தூக்கத்தில் கை கண்ணுக்குப் போய்விடும் என்பதற்காக.

வீட்டில்: ஒரு வாரம் தலைக்குக் குளிப்பதைத் தவிர்க்கவும், கண்ணில் தண்ணீர் படக்கூடாது. வெந்நீர் போட விறகு அடுப்பு ஊதும் வேலையை வேறு யாரிடமாவது விடுங்கள். பனிக்காலத்தில் ரூம் ஹீட்டரை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கண் இன்னும் காயும். தோட்டத்தில் மருந்து அடிக்கும் பக்கம் போகவே வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைச் சீட்டில் எழுதிய நாளுக்கு மேல் ஒரு நாள்கூடப் போடக்கூடாது. 'போன தடவை நல்லா கேட்டுச்சு' என்று கடையில் தானாக வாங்கிப் போட்டுக் கண் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். கண்ணீர்ச் சொட்டு மட்டும் மாதக்கணக்கில் தேவைப்படும். சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரையும் எழுதி வாங்கினால் மலிவானதைத் தேடலாம். வலி திடீரென்று கூடினாலோ, பார்வை மங்கினாலோ அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்காமல் உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: கூடலூரில் வாடகை ஜீப் ஓட்டுகிறேன். லேசர் செய்தால் ராத்திரி லைட் வட்டம் வட்டமாகத் தெரியும் என்கிறார்களே?

பதில்: தெரியும். எதிரே வரும் லைட்டைச் சுற்றி வளையம், கதிர் விரிவது, இரண்டும் ஆரம்பத்தில் சகஜம். பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் குறையும், சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சும். சமவெளியில் அதைச் சமாளிக்கலாம். நடுவட்டத்தில் மஞ்சு இறங்கிய ராத்திரியில் எதிரே லாரி வந்தால் அது வேறு கதை. இருட்டில் உங்கள் கண்மணி எவ்வளவு விரிகிறது என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அதிகம் விரிபவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதலாக வரலாம். கோடை சீசன் முடிந்து மழைக்காலத்தில், வண்டி சும்மா நிற்கும் ஒரு மாதத்தில் செய்யுங்கள். டாக்டர் சரி என்று சொன்ன பிறகும் முதலில் பகலில் மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

சொல்ல மறந்தது: மூடி அறுத்த இடம் பழைய பலத்துக்கு முழுக்க ஒட்டாது. தேயிலைச் செடிக்குள் குனிந்து வேலை செய்பவர்கள், சில்வர் ஓக் கிளை கழிப்பவர்கள், கபடி ஆடுபவர்கள் மூடியில்லாத முறையைக் கேட்பது நல்லது. ராணுவத்துக்கோ போலீசுக்கோ முயற்சி செய்யும் பையன்கள் முதலில் அந்தந்த வேலைக்கான அறிவிப்பில் லேசர் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும். சில வேலைக்கு அனுமதி, சிலதற்கு இல்லை.

கேள்வி: ஊட்டியில் ரோட்டோரம் 150 ரூபாய்க்குக் கூலிங் கிளாஸ் கிடைக்கிறது. லேசருக்குப் பிறகு அது போதுமா?

பதில்: கறுப்பு வேறு, புற ஊதாத் தடுப்பு வேறு. தடுப்பில்லாத கறுப்புக் கண்ணாடி கண்மணியை விரிய வைத்து, அதிகக் கதிரை உள்ளே விடும். ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் புற ஊதாக்கதிர் கூடுகிறது. ஊட்டி 2,240 மீட்டர். குளிருகிறதே என்று நினைக்காதீர்கள். பி.ஆர்.கே. செய்தவர்களுக்கு வெயில் பட்டால் கருவிழியில் மங்கல் படியலாம் என்பதால் சில மாதம் தடுப்புள்ள கண்ணாடி கட்டாயம். 'யு.வி. 400' என்று போட்டதை வாங்கி, கண்ணாடிக் கடையில் மீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை.

கேள்வி: கோவையில் ஒரு மருத்துவமனையில் 5,000 அட்வான்ஸ் கட்டினேன். பிறகு கருவிழி மெலிது, செய்ய முடியாது என்றார்கள். அட்வான்ஸும் இல்லை, ரிப்போர்ட்டும் இல்லை என்கிறார்கள். காப்பீட்டிலும் கிடையாதாம்.

பதில்: காப்பீட்டை முதலில் முடித்துவிடலாம். 7.5-க்குக் குறைவான பவருக்குச் செய்யும் பார்வைத் திருத்தத்தை மருத்துவக் காப்பீட்டில் விலக்கி வைக்க விதியே இடம் தருகிறது. அதற்கு மேல் பவர் இருப்பவர்கள் பாலிசியைப் பிரித்துப் படிக்கலாம்.

பரிசோதனைக்கான கட்டணத்தை அவர்கள் கழித்துக்கொள்வது நியாயம். செய்யாத ஆபரேஷனுக்கு வாங்கியது நியாயமில்லை. ரிப்போர்ட்டை எழுத்தில் கேளுங்கள். டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதிப்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவைத் தர வேண்டும். ஈமெயிலில் கேட்டால் தேதி பதிவாகிவிடும். அசையாவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கோவைக்கு இறங்க வேண்டியதில்லை, ஊட்டி ஆணையம் போதும். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. ரசீது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

லேசர் முடித்தவர்களும் ஆபரேஷனுக்கு முந்தைய ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அறுபதில் புரை வரும்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட, செதுக்குவதற்கு முன் கருவிழி எப்படி இருந்தது என்ற எண்கள் பெரிய உதவி. கண் அழுத்தம் பார்க்கும் டாக்டரிடமும் லேசர் செய்ததைச் சொல்ல வேண்டும், மெலிந்த கருவிழியில் அழுத்தம் குறைவாகக் காட்டும். வாட்ஸாப்பில் வந்த படம் போனோடு போய்விடும். பிரிண்ட் எடுத்து, பட்டா வைத்திருக்கும் பையிலேயே போட்டு வையுங்கள்.