நள்ளிரவு ஃபோன் உண்மையா? 'ஃப்ராஸ்ட்/நிக்சன்' பற்றிய வாசகர் கேள்விகள்

முன்னாள் அமெரிக்க அதிபர் நிக்சனை பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பேட்டியாளர் டேவிட் ஃப்ராஸ்ட் 1977-இல் எடுத்த பேட்டியைப் பற்றிய இந்தப் படத்தில், நிக்சன் குடித்துவிட்டு நள்ளிரவில் ஃப்ராஸ்டுக்கு ஃபோன் செய்கிறாரே, அது நடந்ததா?

நடக்கவில்லை. பீட்டர் மார்கனின் கற்பனை அது. 2006-இல் அவர் எழுதிய நாடகத்திலேயே இருந்தது. 2008-இல் ரான் ஹாவர்ட் படமாக்கியபோதும் வைத்துக்கொண்டார். நிக்சனாக நடித்த ஃப்ராங்க் லாங்கெல்லா அந்தக் காட்சியில் அப்படியே மனத்தைப் பிடித்துக்கொள்கிறார், மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஃபோனுக்குப் பிறகுதான் ஃப்ராஸ்ட் தரப்பு விழித்துக்கொண்டு ஆதாரம் தேடுவதுபோல் படம் காட்டுகிறது. உண்மையில் ஃப்ராஸ்டின் ஆய்வாளர் ஜேம்ஸ் ரெஸ்டன், நிக்சனின் அதுவரை வெளிவராத ஒலிநாடா உரையாடல்களைப் பல மாதங்களுக்கு முன்பே தோண்டி எடுத்துவிட்டார். அந்த உழைப்பை ஒரு கற்பனை ஃபோனுக்குத் தாரை வார்த்துவிட்டார்களே என்று எனக்கு இன்றும் வருத்தம்தான்.

பேட்டிக்குப் பணம் கொடுத்தார்களா?

ஆமாம். 6 லட்சம் டாலர், அதோடு லாபத்தில் 20 சதவீதம்.

நிக்சனை நாடாளுமன்றம் பதவி நீக்கியதா, தானே விலகினாரா?

தானே விலகினார். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழு 1974 ஜூலை கடைசியில் குற்றச்சாட்டுகளை ஏற்றது. முழு சபையின் வாக்கெடுப்புக்கு முன்பே அவர் போய்விட்டார். அவரைக் கவிழ்த்தது அவரே பதிவு செய்து வைத்த பேச்சு. வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்த நிக்சன் தரப்பு ஆட்கள் பிடிபட்டது 1972 ஜூன் 17. ஆறே நாளில், எஃப்பிஐ விசாரணையை சிஐஏ மூலம் தடுக்கும் திட்டத்துக்கு அவர் சம்மதித்தது நாடாவில் இருந்தது. நாடாக்களை ஒப்படைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 8-0 எனத் தீர்ப்பளித்தது. ஆகஸ்ட் 5-இல் அந்தப் பேச்சு வெளியானது, 8-ஆம் தேதி ராஜினாமாவை அறிவித்தார். இத்தனைக்கும் 1972 தேர்தலில் 49 மாநிலங்களை வென்றவர்! அந்த உயரத்தை மனதில் வைத்துப் படம் பார்த்தால் லாங்கெல்லாவின் தளர்ந்த நடைக்கு அர்த்தம் புரியும்.

கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாரே, நிஜத்திலும் அப்படித்தானா?

இங்கேதான் படத்தோடு எனக்குச் சண்டை. நண்பர்களையும் நாட்டையும் கைவிட்டுவிட்டதாக அவர் சொன்னது நிஜம். ஆனால் சட்டவிரோதமான மூடிமறைப்பில் பங்கேற்றதாக அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. அந்தப் பேச்சைத் தொடங்கிய வேகத்திலேயே மறுத்தார். படம் அந்த மறுப்பை வெட்டிவிட்டது. பாதி வாக்கியத்தை எடுத்துக்கொண்டு ஒப்புதல் என்று காட்டுவது சின்னச் சுதந்திரம் இல்லை. அப்புறம், படத்தில் வாட்டர்கேட் பேச்சு கடைசி நாளில் வருகிறது. நிஜத்தில் அதன் பிறகும் பதிவு தொடர்ந்தது.

அசல் பேட்டியைப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பாருங்கள், படத்துக்கு அப்புறம். 1977 மே 4-இல் ஒளிபரப்பான வாட்டர்கேட் பகுதி போதும். கேள்வி நெருங்க நெருங்க நிக்சனின் வாக்கியங்கள் நீண்டுகொண்டே போகும். அதைக் கவனியுங்கள்.