பட்டியலில் உங்கள் வரி

அன்புள்ள ஐயா,

தென்மாவட்டத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் 2014இல் எம்.எஸ்சி. வேதியியல் முடித்தேன். பத்து வருடத்துக்கு மேலாக மும்பையில் இருக்கிறேன். தலோஜாவில் ஒரு மருந்து கம்பெனியில் க்யூசி, அதாவது தரப் பரிசோதனை. வீடு டோம்பிவிலி. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு மாட்டுங்கா வந்து டிபன் சாப்பிடுவதுதான் எங்கள் ஒரே ஆடம்பரம்.

போன மாதம் எங்கள் வகுப்பு வாட்ஸாப் குழுவில் ஒரு நண்பன், யார் யார் இப்போது என்ன செய்கிறார்கள் என்று பட்டியல் போட்டான். ஒருவன் ஜெர்மனியில் போஸ்ட் டாக். ஒருவன் ஹைதராபாத்தில் ஆர் அண்ட் டி. இரண்டு பேர் சென்னையில் சாப்ட்வேர். ஒருவர் விஏஓ, மூன்று பேர் பள்ளி ஆசிரியர்கள், ஒருவன் இன்சூரன்ஸ் ஏஜென்ட், ஒருவன் துபாயில் சேஃப்டி ஆபீசர். பெண்கள் எல்லாரும் (கோல்டு மெடல் வாங்கியவர் உட்பட) கல்யாணமாகி செட்டில் ஆகிவிட்டார்கள். என் பெயருக்கு நேரே 'க்யூசி, மும்பை' என்று இருந்தது. பார்த்ததும் மனசு விட்டுப்போயிற்று. இத்தனை வருடம் வெறும் டெஸ்டிங்கிலேயே போய்விட்டது. (அதிலும் மாதக் கடைசியில் பேட்ச் வெளியே போக வேண்டும் என்று, சோதனை மிஷின் வரைகிற கிராஃபில் பீக்கை, அதாவது மேட்டைக் கொஞ்சம் இழுத்துவிட்டு ரிசல்ட்டை லிமிட்டுக்குள் கொண்டுவரச் சொல்கிறார்கள். முடியாது என்றதால் இந்த வருடம் இன்கிரிமென்ட் குறைந்தது. அது வேறு கதை.)

என் கேள்விகள்: 33 வயதில் பிஎச்.டி. சேரலாமா? இல்லை, மெடிக்கல் கோடிங் பக்கம் போய்விடலாமா, சம்பளம் கூடுதல் என்கிறார்கள்? அக்கா மகள் பிளஸ் டூ முடித்து கெமிஸ்ட்ரி எடுப்பேன் என்கிறாள், விடலாமா? தமிழில் எழுதுபவர்கள் எங்களைப் போன்றவர்களின் வாழ்க்கையை ஏன் எழுதுவதே இல்லை?

அ., டோம்பிவிலி

*

அன்புள்ள அ.,

எனக்கும் வேதியியலுக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. படித்தது வணிகவியல், அதுவும் அரைகுறை. ஆனால் உங்கள் கடிதம் வந்தபோது என் மேஜையில் கிடந்ததும் கெமிஸ்ட்ரிதான். 2025 அக்டோபரிலிருந்து, சிரப் குடித்துக் குழந்தைகள் செத்த சிந்த்வாடா பற்றி வந்த செய்திகளை வெட்டி வைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு வருகிறேன். முதலில் சில்லறைக் கணக்கைத் தீர்த்துவிடலாம்.

தமிழில் ஏன் எழுதுவதில்லை என்கிறீர்கள். நீங்களே எழுதுங்களேன். உங்கள் கம்பெனி வாசலில் நான் போய் நின்றால் செக்யூரிட்டி உள்ளே விடமாட்டான்.

மெடிக்கல் கோடிங்கில் சம்பளம் கூடுதல் என்றால் போங்கள். பணத்துக்காக வேலை மாறுவதில் பாவம் ஒன்றுமில்லை, அதற்கு எழுத்தாளனின் ஆசீர்வாதமும் தேவையில்லை. வீட்டுக் கடன் எவ்வளவு பாக்கி என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் வெறும் வாய்ச்சொல்தான்.

பிஎச்.டி. எம்.எஸ்சி.யில் பேக்கர்-வெங்கடராமன் மாற்றம் என்று ஒரு வேதிவினையை நெட்டுருப் போட்டிருப்பீர்கள். அந்த வெங்கடராமன் 1901இல் மெட்ராஸில் பிறந்தவர். மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆராய்ச்சி செய்துவிட்டு லாகூரில் வேலை பார்த்தார். பிறகு நீங்கள் டிபன் சாப்பிட வருகிற இதே மாட்டுங்காவில் இப்போது இருக்கிற, 1933இல் பம்பாய் பல்கலைக்கழகம் தொடங்கிய ரசாயனத் தொழில்நுட்பத் துறைக்கு வந்து, அதன் முதல் இந்திய இயக்குநராக ஆனார். 1957இல் புனே தேசிய ரசாயன ஆய்வுக்கூடத்துக்கும் முதல் இந்திய இயக்குநர் அவர்தான். பூவிலும் பட்டையிலும் இருக்கிற மஞ்சள் நிறம் எப்படி உண்டாகிறது, அதை லேபில் எப்படிக் கட்டுவது என்று ஒரு கேள்வி அவரிடம் இருந்தது. அதை விட்டு அவரால் விலக முடியவில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அதில் டெசிக்னேஷன் இருக்கிறது, அப்படி ஒரு கேள்வியைக் காணோம். ஜெர்மனிக்காரனைப் பார்த்த வயிற்றெரிச்சலில் ஆராய்ச்சிக்குப் போகாதீர்கள். அந்த எரிச்சல் ஆறே மாதத்தில் அடங்கிவிடும், தீசிஸ் அடங்காது.

உங்கள் வகுப்புப் பெண்களை ஒரே வரியில் சுருட்டி வைத்திருக்கிறீர்கள். இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்குத் தனி இடம், கோல்டு மெடல் வாங்கியவருக்கு அடைப்புக்குறி. அவர் எங்கே இருக்கிறார், வேலைக்குப் போகிறாரா, போகாவிட்டால் ஏன் என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்கு இரவு வேலையை மறுத்தது. பல மாநிலங்கள் அதைத் தளர்த்துவதற்கே பல பத்தாண்டுகள் ஆயின. மூன்று ஷிப்டும் ஓடுகிற மருந்துக் கம்பெனியில் 'ஷிப்ட் வரமுடியுமா' என்ற ஒரே கேள்வியில் எத்தனை மெடல்கள் வீட்டுக்குத் திரும்பிப் போயின என்று உங்களுக்குத் தெரியாதா? நீங்களே இன்டர்வியூவில் உட்கார்ந்திருப்பீர்களே.

சரி, இப்போது சண்டைக்கு வருகிறேன்.

எண்பதுகளில் சயான் கோலிவாடாவில் ஓர் அறையில் ஐந்து பேர் இருந்தோம். அதில் ஒருவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவர். தானே - பேலாப்பூர் ரோட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் அனலிஸ்ட். அந்தக் காலத்தில் அந்த ரோடு முழுக்கக் கெமிஸ்ட்ரி படித்த பையன்களாக இருந்ததற்குக் காரணம் உண்டு. 1970இல் போட்டு 1972இல் அமலுக்கு வந்த காப்புரிமைச் சட்டப்படி, மருந்துக்கு உரிமை கிடையாது, அதைச் செய்யும் வழிக்கு மட்டும்தான். அதே மருந்தை வேறு வழியில் செய்துகொள்ளலாம். வழி கண்டுபிடிக்க ஆள் வேண்டும், செய்ததைச் சோதிக்க ஆள் வேண்டும். 2005இல் மருந்துக்கே உரிமை என்று ஆகி அந்தக் கதவு சாத்தப்படுகிறவரைக்கும் எங்கள் பக்கத்து அம்மாக்கள் பம்பாய் மணியார்டரில் மகள்களைக் கட்டிக்கொடுத்தார்கள்.

அண்ணாச்சியின் வேலைகளில் ஒன்று, சரக்கில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று கார்ல் ஃபிஷர் முறையில் பார்ப்பது. அந்த ரசாயனத்தில் அப்போது பிரிடின் என்ற திரவம் கலந்திருக்கும். அழுகிய மீன் நாற்றம், சட்டையில் ஏறினால் இறங்காது. சாயங்காலம் தானேயில் ரயில் ஏறினால் பக்கத்தில் நிற்பவன் முறைப்பான். அதனால் அவர் லக்கேஜ் பெட்டியில் ஏறிவிடுவார். அங்கே காலிக் கூடைகளோடு திரும்புகிற கோலி மீன்காரிகள் நடுவில் அவரை யாரும் சட்டை செய்யமாட்டார்கள். 'நம்மாளுன்னு நெனச்சுக்கிடுதாங்க' என்பார்.

1986 தொடக்கத்தில் ஜே.ஜே. மருத்துவமனையில் நோயாளிகள் வரிசையாகச் செத்தார்கள், 14 பேர். மூளையிலும் கண்ணிலும் அழுத்தத்தைக் குறைக்க கிளிசரால் கொடுப்பார்கள். வந்தது மருந்துத் தரத்துச் சரக்கு இல்லை, தொழிற்சாலைச் சரக்கு. அதில் டை எத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தது. கொடுத்தவர்களுக்குச் சிறுநீரகம் நின்றுபோனது. நீதிபதி லென்டின் ஆணையம் விசாரித்து, கொள்முதலில் ஆரம்பித்து மருந்துக் கட்டுப்பாடு வரைக்கும் அழுகியிருந்ததைத் தோண்டி எடுத்தது.

செய்தி வந்த அன்றைக்கு அண்ணாச்சி சாப்பிடவில்லை. தரையில் உட்கார்ந்து எங்களுக்குப் பாடம் எடுத்தார். கிளிசரால், டை எத்திலீன் கிளைக்கால், இரண்டும் கொழகொழவென்று இருக்கும், இரண்டும் தித்திக்கும், இரண்டுக்கும் நிறமில்லை. கண்ணாலும் நாக்காலும் கண்டுபிடிக்க முடியாது. ஒன்று குழந்தைக்குக் கொடுக்கிற மருந்தில் போகலாம், இன்னொன்று பிரேக் ஆயிலில் போகவேண்டியது. உடம்புக்குள் போனால் அது ஓர் அமிலமாக மாறி சிறுநீரகத்தைத் தின்றுவிடும். அதைப் பிடிக்க ஒரு சோதனை போதும், அரை நாள்கூட ஆகாது. 'ஒருத்தன் பாத்திருந்தா போதும்லே' என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இது முதல் தடவையும் இல்லை. 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஒரு சல்ஃபா மருந்தைக் கரைக்க இதே திரவத்தை ஊற்றி, மணமும் சுவையும் பார்த்துவிட்டு விற்றுவிட்டார்கள். மறுவருடம் அங்கே சட்டமே மாறியது. 1972இல் சென்னையில் குழந்தைகள். 2022இல் காம்பியா, அதே வருடக் கடைசியில் உஸ்பெகிஸ்தான், இரண்டு இடத்துக்கும் சிரப் போனது இந்தியாவிலிருந்து. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். அந்தச் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்தது. தமிழ்நாட்டு அரசின் சோதனையில் அதில் டை எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் வந்தது. அனுமதி 0.1 சதவீதம். பாரசிட்டமால் தண்ணீரில் லேசில் கரையாது, அதனால் கரைப்பான் வேண்டும். கரைப்பான் டிரம் வந்து இறங்குகிறது, அதைத் திறந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். மூலப்பொருளின் ஒவ்வொரு பேட்சையும் சோதிக்கவேண்டும் என்றுதான் சட்டமும் சொல்கிறது. அந்த ஆள்தான் நீங்கள். உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெறும் டெஸ்டிங் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

கோபம் வருகிறது தம்பி. ஜே.ஜே. முடிந்து சில மாதம் கழித்து அண்ணாச்சியின் கம்பெனிக்கு ஒரு லோடு கரைப்பான் வந்தது. சப்ளையர் சர்டிபிகேட் இருக்கிறது, கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்பு என்றார் மேனேஜர். எல்லா டிரம்மையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் போடுவேன் என்றார் இவர். ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய், ஒவ்வொன்றாகத் திறந்து, மாதிரி எடுத்து, ராத்திரி வரை சோதித்தார். என்ன கிடைத்தது என்கிறீர்களா? ஒன்றும் கிடைக்கவில்லை. அத்தனை டிரம்மும் சுத்தம். தயாரிப்பு தாமதமானதற்கு மெமோ கொடுத்தார்கள், அந்த வருடம் இன்கிரிமென்ட் கிடையாது. நாங்கள் நாலு பேரும் அவரைக் கிண்டல் செய்தோம். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்.

இப்போது அம்பாசமுத்திரம் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறார். அவர் வகுப்புக்காரர்கள் பட்டியல் போட்டால் 'உரக்கடை' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அதில் இடம் எங்கே? ஜெர்மனிக்குப் போனவனுக்குப் பேப்பர் வரும், ஆர் அண்ட் டி-காரனுக்குப் பேடண்ட் வரும். உங்கள் வேலை ஒழுங்காக நடந்தால் எங்கேயோ ஒரு குழந்தை இருமல் நின்று பள்ளிக்கூடம் போகும். அதன் அம்மாவுக்கே உங்களைத் தெரியாது. பட்டியல் போட்ட உங்கள் நண்பனுக்கு எப்படித் தெரியும்? அவன் தெரிந்ததை எழுதியிருக்கிறான். நீங்கள் தெரிந்தும் இப்படி எழுதுகிறீர்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அதைவிட மோசம், அந்த அடைப்புக்குறி. பீக்கை இழுத்துவிடச் சொன்னார்கள், முடியாது என்றேன், பணம் குறைந்தது. உங்கள் கடிதத்திலேயே பெரிய விஷயம் அதுதான். அதற்கு 'வேறு கதை' என்று பெயர் வைத்து, ஜெர்மனி பெருமைக்கு முழு வரி கொடுத்திருக்கிறீர்கள். ஓர் ஆள் மறுத்தால் அடுத்த சீட்டுக்காரனிடம் போவார்கள் என்பது எனக்கும் தெரியும். போகட்டும். ரிப்போர்ட்டில் உங்கள் கையெழுத்து இருக்கக்கூடாது, அவ்வளவுதான் உங்கள் பொறுப்பு. கூடவே, இந்த இன்கிரிமென்ட் விஷயத்தை மனைவியிடம் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லவில்லை என்றே தோன்றுகிறது. சொல்லுங்கள். தனியாகச் சுமந்தால் அடுத்த வருடம் இழுத்துவிடுவீர்கள்.

உங்கள் கடிதத்தை அண்ணாச்சிக்குப் போனில் படித்துக் காட்டினேன், பெயர் சொல்லாமல். இப்போதெல்லாம் மிஷினில் யார் எப்போது தொட்டார்கள் என்று தானே பதிவாகிவிடுமாமே, நிஜமா என்று கேட்டார். நிஜம்தான் என்றேன், நீங்கள் கடிதத்தில் எழுதாவிட்டாலும் ஆடிட் டிரெயில் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். 'அப்படின்னா அந்தப் பையன் பொழச்சான். வாயால சொன்னா கேக்காதீங்க, மெயில்ல எழுதி அனுப்பச் சொல்லச் சொல்லுங்க. எவனும் எழுதித் தரமாட்டான்' என்றார். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல யோசனை இல்லை.

அக்கா மகளை விடுங்கள், கெமிஸ்ட்ரியே படிக்கட்டும். சேர்வதற்கு முன்னால் ஒருநாள் உங்கள் வகுப்பு கோல்டு மெடலிஸ்ட்டிடம் பேச வையுங்கள். நம்பர் குழுவில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா வரும்போது எனக்கும் ஒரு போன் போடுங்கள், பத்து மணிக்கு மேல். டிபன் என் செலவு.