காது பெரிய அரசர்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். சென்னையிலிருந்து லண்டன் வந்து ஆறு வாரம் ஆகிறது. ஐந்தாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் மகளிடம், பழங்கால எகிப்தின் அரசர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து இரண்டு பக்கம் எழுதி, வகுப்பின் முன் நின்று பேசவும் சொல்லியிருக்கிறார்கள். யாரை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வீட்டு வாடகை, குளிருக்கு எந்தக் கோட்டு, டியூஷன் எங்கே நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாடகைக்கும் கோட்டுக்கும் பதில் சொல்ல இங்கே ஆயிரம் பேர் உண்டு. டியூஷனுக்கு இப்போது அனுப்ப வேண்டாம், அவ்வளவுதான். எகிப்து விஷயத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த இரண்டு பக்கம் எங்கள் வீட்டில் என்ன பாடு படுத்தியது என்பது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

முதலில் ஒன்று: துட்டன்காமுன் வேண்டாம். இங்கே ஒரு பள்ளியில் மதிய நேர உதவியாளராகப் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எகிப்துப் பாடம் வரும் பருவத்தில் வகுப்புச் சுவர் முழுவதும் அதே தங்க முகமூடிதான். எட்டு ஒன்பது வயதில் அரியணை ஏறினான், பத்தொன்பது வயதையொட்டி இறந்துபோனான், 1922 நவம்பரில் ஹோவர்டு கார்ட்டர் என்ற ஆங்கிலேய அகழ்வாய்வாளர் கல்லறையைக் கண்டுபிடித்தார், உள்ளே 5,000க்கும் மேற்பட்ட பொருள்கள். பத்துப் பிள்ளைகள் இதையே ஒருவர்பின் ஒருவராக வந்து சொல்வார்கள். பதினோராவதாக, ஆங்கிலம் இன்னும் நாவில் படியாத உங்கள் மகள் நிற்பாள். அவள் சொல்வதை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்?

இரண்டாவது, நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். கணினியிடம் கேட்டு வாங்கியும் கொடுக்காதீர்கள். இதைக் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் செய்தோம்.

2004 ஜனவரியில் வந்தோம். ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறை. மகனுக்கு ஒன்பது வயது. பள்ளியில் சேர்ந்து இரண்டு மாதத்தில் இதே வேலையைக் கொடுத்தார்கள். என் கணவர் இரவு வேலை முடிந்து வந்து, தூங்காமல், நூலகத்திலிருந்து எடுத்த தடித்த புத்தகத்தைப் பார்த்து நான்கு பக்கம் எழுதினார். துட்டன்காமுன்தான். மகன் அதை மணிமணியான கையெழுத்தில் நகல் எடுத்தான். திருவையாறு பள்ளியில் பழகிய கையெழுத்து, ஒரு அடித்தல் கிடையாது. எங்களுக்கு அத்தனை பெருமை.

வகுப்பில் ஆசிரியை அதை வாசிக்கச் சொல்லவில்லை. "இந்த அரசரிடம் உனக்கு எது பிடித்திருக்கிறது?" என்று மட்டும் கேட்டாராம். பிள்ளை தாளைப் பார்த்தபடியே நின்றிருக்கிறான். மாலையில் அழைத்துவரப் போனபோது சட்டைக் காலரின் நுனி ஈரமாக இருந்தது, அவ்வளவு நேரம் வாயில் வைத்துக் கடித்திருக்கிறான். ஆசிரியை என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னும் ஒரு வாரம் தருகிறேன், அவனே எழுதட்டும், நான்கு வரி போதும் என்றார். அந்த அம்மாளுக்கு நான் இன்றும் கடன்பட்டவள்.

அந்தச் சனிக்கிழமை பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனோம். கட்டணம் இல்லை என்று கேள்விப்பட்டதால்தான் போகவே துணிந்தோம். டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி மைல் எண்டில் மாறி, ஹோல்பர்னில் இறங்கி நடந்தோம். கையில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் புளிச்சோறு. கீழ்த்தளத்திலேயே எகிப்தியச் சிலைகளின் நீண்ட கூடம் இருக்கிறது. நடுவில் இரண்டாம் ராமசேஸ் என்ற அரசரின் பெருந்தலை. ஏழு டன்னுக்கு மேல் எடை, பெல்சோனி என்ற இத்தாலியர் 1816இல் நைல் கரைக்கு இழுத்துவந்து கப்பலேற்றியது. கூட்டமெல்லாம் அதன் முன்னால். அதற்கு மேல் கூட்டம், பழைய எகிப்திய எழுத்தைப் படிக்க வழிகாட்டிய ரொசெட்டா கல்லின் முன்னால்.

மகன் இரண்டையும் விட்டுவிட்டு வேறொரு கருங்கல் சிலையின் முன் நின்றுவிட்டான். மூன்றாம் செனுஸ்ரெத். பன்னிரண்டாம் வம்சம், கி.மு. 19ஆம் நூற்றாண்டில் ஆண்டவர். உடம்பு இளைஞனுடையது, இறுகிய மார்பு. முகம் மட்டும் வேறு யாருடையதோ போல இருக்கும்: இமைகள் கனத்துத் தொங்க, கண்ணுக்குக் கீழே பை விழுந்து, கன்னம் ஒட்டி, வாயோரம் கீழே இறங்கியிருக்கும். காதுகள் இரண்டும் முகத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியவை. எகிப்திய அரசர்கள் தங்களைக் குறையில்லாத இளைஞர்களாகவே செதுக்கச் சொன்ன நாட்டில், இவர் களைத்த முகத்தோடு நிற்கிறார். ஊருக்காகக் கண்விழித்த முகம் அது, குடிகள் சொல்வதைக் கேட்கும் காது அது என்று அறிஞர்கள் சிலர் விளக்கம் சொல்கிறார்கள்.

எங்களுக்கு அந்த விளக்கமெல்லாம் அன்று தெரியாது. "தாத்தா மாதிரி இருக்கிறார்" என்றான் மகன். எனக்குத் தொண்டை அடைத்தது. 2002இலும் 2003இலும் காவிரியில் தண்ணீர் வராமல் குறுவை போய், என் அப்பா திண்ணையில் உட்கார்ந்து வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்த முகம் அப்படியே அதுதான். இமை தொங்கியதுகூட.

அதன்பின் அவனை யாரும் உட்கார்த்தி வைத்து எழுதச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பள்ளிவிட்டு நேரே நூலகம். செனுஸ்ரெத், எகிப்துக்குத் தெற்கே இருந்த நூபியாவின் எல்லையில் செம்னா என்ற இடத்தில் கோட்டை கட்டியதையும், ஆட்சியின் எட்டாம் ஆண்டில் அங்கே ஒரு கல்வெட்டு நிறுத்தியதையும் படித்துவிட்டு என்னிடம் ஓடிவந்தான். வியாபாரத்துக்கு வருபவனையும் தூது கொண்டுவருபவனையும் தவிர, நூபியர் எவரும் நீர்வழியாகவோ நிலவழியாகவோ இந்த எல்லையைத் தாண்டக்கூடாது என்பது அந்தக் கல்வெட்டின் ஆணை. "அம்மா, நாம் விமான நிலையத்தில் வரிசையில் நின்றோமே, அதுதானே இது?" என்று கேட்டான். ஏறக்குறைய 3,900 ஆண்டுக்கு முந்தைய கல்லில் எங்கள் வரிசை இருந்தது. பதினாறாம் ஆண்டில் வைத்த இன்னொரு கல்வெட்டில், இந்த எல்லையைக் காப்பவனே என் மகன், கைவிடுபவன் என் மகனில்லை என்ற பொருளில் எழுதி வைத்தார். மகனுக்கு அது பிடிக்கவில்லை. எந்த அப்பாவும் அப்படிச் சொல்லக்கூடாது என்று தாளில் எழுதினான், அதை அடிக்க வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

கடைசியில் அவன் எழுதியது பதினொரு வரி. இலக்கணப் பிழை மலிந்த ஆங்கிலம். "இவர் அரசர். களைத்திருக்கிறார். காது பெரிது. என் தாத்தாவைப் போல" என்று தொடங்கும். அதை ஆசிரியை கோடை விடுமுறை வரை சுவரில் வைத்திருந்தார்.

இப்போது உங்கள் மகளுக்கு. செனுஸ்ரெத் மனத்தில் படவில்லை என்றால் ஹாட்செப்சுட் என்ற அரசியைப் பார்க்கச் சொல்லுங்கள். கி.மு. 15ஆம் நூற்றாண்டு. சிறுவனாக இருந்த மூன்றாம் துத்மோஸுக்காக ஆட்சியைக் கையில் எடுத்து, பிறகு தானே முடிசூடி இருபது ஆண்டுகளுக்குமேல் ஆண்ட பெண். சிலைகளில் அரசருக்குரிய பொய்த்தாடியோடு இருப்பாள். தெய்ர் எல்-பஹ்ரி கோயில் சுவரில் அவள் புண்ட் நாட்டுக்கு அனுப்பிய கப்பல்கள் இருக்கின்றன. சாம்பிராணி மரங்களை வேரோடு கூடையில் வைத்து ஆட்கள் சுமந்து ஏற்றுகிறார்கள், கப்பலில் குரங்குகள்கூட நிற்கின்றன. கர்னாக் கோயிலில் அவள் நிறுத்திய ஒற்றைக்கல் தூண் ஏறத்தாழ 30 மீட்டர், இன்றும் நிற்கிறது. துத்மோஸின் பிற்காலத்தில் அவள் பெயரையும் உருவத்தையும் பல இடங்களில் உளியால் கொத்தி அழித்தார்கள். பத்து வயதுப் பெண்ணுக்கு இதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

கிளியோபாட்ரா என்றால் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாசிடோனியக் கிரேக்க வம்சம், கி.மு. 30இல் முடிந்தது, சில ஆசிரியர்கள் பழைய பாரோக்களையே, அதாவது எகிப்தின் பழைய அரசர்களையே, கேட்பார்கள். ஆனால் அவளுடைய வம்சத்தில் எகிப்திய மொழியைக் கற்ற முதல் ஆள் அவள்தான் என்று பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். புது மொழியோடு போராடும் பிள்ளைக்கு அது துணை. கூஃபு என்ற அரசரையும் எடுக்கலாம். அவருடைய பெரிய பிரமிட்டு கட்டியபோது 146 மீட்டர் உயரம். அவருடைய உருவம் என்று முழுதாகக் கிடைத்திருப்பதோ ஏழரை சென்டிமீட்டர் தந்தச் சிலை. அளவுகோலை எடுத்து வகுப்பில் காட்டலாம். பழைய கடவுள்களை விலக்கிச் சூரிய வட்டை வணங்கச் சொன்ன அரசர் அக்கெனாதென், இந்த வயதுக்குக் கடினம்.

ராமசேஸை எடுத்தால் ஒரு எச்சரிக்கை. அவருடைய பதப்படுத்திய உடலை 1976இல், அது கெட்டுப்போகாமல் காக்கும் சிகிச்சைக்காகப் பாரிசுக்குக் கொண்டுபோனது உண்மை. அதற்காக வழங்கிய பாஸ்போர்ட் என்று சுற்றுகிற படம் பிற்காலத்தில் ஒருவர் கற்பனையாகச் செய்தது, அதை ஒட்டிவிடாதீர்கள். அவர் மூக்கில் மிளகு வைத்திருந்தார்கள் என்பதை எழுதலாம், மிளகு நம் பக்கத்து மலைகளில் விளைவது.

இங்கே நம் ஆட்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரமிட்டைக் கட்டியது தமிழரே என்று எழுதச் சொல்லிப் பெரியவர் ஒருவர் உங்களைத் தேடி வருவார். என் மகனிடமும் ஒருவர் சொன்னார். மரியாதையாகக் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள். உண்மையான தொடர்பே போதும்: செங்கடல் கரையில் குசேர் அல்-காதிமில் கிடைத்த, சுமார் 2,000 ஆண்டு பழைய பானை ஓட்டில் தமிழ் பிராமி என்ற பழைய தமிழ் எழுத்தில் 'பானை ஒறி' என்று இருக்கிறது, நம் சமையலறை உறிதான். பாரோக்களின் காலம் முடிந்த பிறகானது அது. அப்படியே சொல்லட்டும்.

இன்னொரு கூட்டம், வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள் என்று சொல்லும். நம்பாதீர்கள். மியூசியத்தில் என் மகன் பார்த்ததைத் தமிழில்தான் சொன்னான். ஆங்கிலம் பின்னால் வந்தது. இன்று அவனுக்கு இரண்டிலும் தடுமாற்றமில்லை. கடையில் வாங்கிய அட்டைப் பிரமிட்டை எடுத்துவரும் பெற்றோரையும் ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஆசிரியர்கள் ஓரமாக வைத்துவிடுகிறார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். கூட்டம் ராமசேஸிடம் போகும். கருங்கல் சிலைகளின் முன் இடம் இருக்கும். மகளை நிற்கவிட்டு, அவள் வாயைத் திறக்கும்வரை நீங்கள் எதுவும் சொல்லாமல் இருங்கள்.