தூண்டில் பூச்சி கட்ட நாட்டுச் சேவல் இறகு போதுமா?

வெளிநாட்டு இறகு வாங்கக் கட்டுப்படியாகவில்லை, வேலூர்ப் பக்கம் கிடைக்கும் கோழி இறகைத் தூண்டில் முள்ளில் சுற்றிப் போலிப் பூச்சி கட்டினால் நீரில் மிதக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மிதக்கும். கறிக்கடை பிராய்லர் இறகில் கட்டிப் பார்த்து நொந்துபோயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அங்கேதான் தொடங்கினேன். பிராய்லரை ஆறேழு வாரத்தில் அறுத்துவிடுகிறார்கள். கழுத்து இறகு முற்ற அதற்கு ஏது நாள்? இழையெல்லாம் பஞ்சு. தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு முள்ளோடு அமிழ்ந்துவிடும்.

எங்கள் ஊர் குடியாத்தம். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு உறவினர் வந்தால் அத்தை வீட்டில் சேவல் அடிப்பார்கள். ஒருமுறை நன்றாக முற்றிய செவலைச் சேவல். வெந்நீரில் முக்குவதற்கு முன்பே அத்தையிடம் கழுத்து இறகையும் இடுப்பு இறகையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இறகுக்காக உயிரைக் கொன்றதாக யாரும் கீழே எழுத வேண்டாம். அது குழம்புக்கு அடித்த சேவல். சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்தினேன். தண்டை வளைத்தால் இழைகள் விறைப்பாக விரிந்து நிற்க வேண்டும். இழையின் நீளம் முள்ளின் வாய் அகலத்தை (முனைக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளியை) போல ஒன்றரை மடங்கு இருந்தால் சரி. அடிப்பஞ்சைக் கிள்ளி எறிந்துவிட்டு நான்கைந்து சுற்றுச் சுற்றி நூலால் இறுக்கினேன். மழை விட்ட ஒரு மாலையில், ஏரிமேல் ஈசல் விழுந்துகொண்டிருந்தபோது வீசினேன். இழை நுனிகளை ஊன்றிக்கொண்டு மிதந்தது. ஒரு கெண்டை மேலே வந்து கவ்வியது. உள்ளங்கை அளவுதான். இருந்தாலும் நான் கட்டிய பூச்சிக்கு வந்த மீன்!

பெட்டை இறகு மென்மையானது, நீரில் மூழ்கும் பூச்சிக்கு அதுவே நல்லது.

ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து காட்டுக்கோழிக் கழுத்து கொண்டுவருகிறேன் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். மெழுகுச் சொட்டு வைத்தாற்போன்ற அந்த இறகைத்தான் 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் சால்மன் மீன் பிடிக்கும் பூச்சிகளுக்குக் கட்டினார்கள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

பாலாறு இருக்க ஏன் ஏரி ஏரியாக அலைகிறாய் என்று வெளியூர் நண்பர்கள் கேட்கும்போதுதான் வயிறு எரிகிறது. அதில் கலக்கும் தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்பா அந்த ஆற்றில் கெண்டை பிடித்து வளர்ந்தவர். அதில் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு இன்றும் மனம் வரவில்லை.