மண்டையோட்டுக்கான ஒலிவில்லை: குவியம் ஏன் மேலும் சிதறுகிறது?

கேள்வி: மீயொலியை மண்டையோட்டின் வழியே மூளைக்குள் ஒரே புள்ளியில் குவிக்க, எலும்பு உண்டாக்கும் சிதைவைத் திருத்தும் ஒலிவில்லை ஒன்றைச் செய்தேன். 500 கிலோஹெர்ட்ஸ் ஒற்றைப் படிக டிரான்ஸ்டியூசருக்காக (மீயொலியை எழுப்பும் கருவி), உலர்ந்த மண்டையோடு ஒன்றின் சிடி படத்திலிருந்து ஒவ்வொரு கதிர்ப்பாதையிலும் எலும்பின் தடிமனை அளந்து, வில்லையைக் கணக்கிட்டு, ரெசினில் அச்சிட்டேன். நீர்த்தொட்டியில் ஹைட்ரோஃபோனால் (நீருக்குள் ஒலியை அளக்கும் கருவி) அளந்தபோது, வில்லை இல்லாத நிலையைவிடக் குவியம் மோசமாகச் சிதறியிருந்தது. தவறு எங்கே?

பதில்: வில்லையால் பயன் குறைவு என்று மட்டும் நீங்கள் எழுதியிருந்தால் பல காரணங்களை அலச வேண்டியிருக்கும். முன்னைவிடக் கெட்டுப்போனது என்று எழுதியிருப்பதால், திருத்தத்தின் குறி (கூட்டலா கழித்தலா என்பது) தலைகீழாகிவிட்டதா என்பதையே முதலில் பாருங்கள். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டரும், எலும்பில் 2800 மீட்டர் அளவிலும் செல்வதால், எலும்பு தடித்திருக்கும் பாதையில் அலை முந்திக்கொண்டு வருகிறது. 500 கிலோஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் எலும்பு அலையின் கட்டத்தை (அதன் சுழற்சியில் அலை இருக்கும் நிலையை) ஏறக்குறைய 56 பாகை முன்தள்ளிவிடும். அச்சு ரெசினிலும் ஒலி நீரைவிட வேகமாக, பெரும்பாலும் 2500 மீட்டரை ஒட்டிச் செல்கிறது. ஆகவே எலும்பு தடித்த இடத்துக்கு நேராக ரெசின் மெலிந்திருக்க வேண்டும். சிலிகோனில் ஒலிவேகம் 1000 மீட்டர் அளவே என்பதால் அங்கு நேரெதிர்: எலும்பு தடித்த இடத்தில் சிலிகோனும் தடித்திருக்க வேண்டும். ஒன்றுக்கான சூத்திரத்தை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் பிழை நீங்காது, இரட்டிப்பாகும்.

குறி சரியென்றால், அடுத்த ஐயம், ஒலி நேர்கோட்டில் செல்வதாகக் கொள்ளும் உங்கள் கதிர்முறையின் மீதுதான். நீரில் 3 மில்லிமீட்டரும் எலும்பில் 5.6 மில்லிமீட்டரும் அலைநீளம் கொண்ட ஒலி, சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள மண்டையோட்டை நேர்கோடாகக் கடப்பதில்லை. அது விலகலும் உள்பிரதிபலிப்பும் அடைகிறது, படுகோணம் 32 பாகையைத் தாண்டிய இடங்களில் நெட்டலையாக எலும்புக்குள் நுழையவே முடியாமல் போகிறது. எனவே மூளைக்குள் இலக்குப் புள்ளியில் ஒரு கற்பனை மூலத்தை வைத்து, கே-வேவ் போன்ற முழு அலைக் கணிப்பு மென்பொருளில் அலையை வெளியே பரவவிட்டு, வில்லை அமரும் பரப்பில் கிடைக்கும் கட்டத்தைத் தலைகீழாக்கி, அதைத் தடிமனாக மாற்றுவதே நான் நம்பும் வழி. உங்கள் ரெசினில் ஒரு முழுச் சுற்றுக் கட்டத்துக்கு ஏறத்தாழ 7.5 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். அதே ரெசினில் ஒரு தட்டை அச்சிட்டு, துடிப்பு வந்துசேரும் நேரத்தை அளந்து, வேகத்தை நீங்களே கண்டறியுங்கள். தயாரிப்பாளர் அட்டவணையில் பெரும்பாலும் அது இருக்காது.

உலர்ந்த எலும்பின் நுண்துளைகளில் காற்று தங்கியிருந்தால் எந்த வில்லையும் உதவாது. எலும்பை நீரில் மூழ்கவைத்து, வெற்றிடக் கலத்தில் நீண்ட நேரம் காற்றகற்ற வேண்டும். தொட்டி நீரும் காற்றகற்றியதாக இருக்கட்டும். வில்லை, ஓட்டின் ஒரே ஓர் இருப்பிடத்துக்காகச் செதுக்கப்பட்டது என்பதால், இரண்டையும் இறுக்கிப் பிடிக்கும் சட்டத்தையும் அதே சிடி படத்திலிருந்தே அச்சிடுவது நல்லது.

மறுபடியும் அச்சிடுவதற்கு முன், மண்டையோட்டை எடுத்துவிட்டு வில்லையை மட்டும் வைத்து அளந்து பாருங்கள். ஓடு இல்லாத கணிப்பு காட்டும் சிதைந்த குவியமே அங்கும் வந்தால் வில்லை சரி. பிழை எலும்பின் மாதிரியிலோ, அதன் காற்றிலோ, பொருத்திய இடத்திலோ இருக்கிறது. வராவிட்டால் ரெசினின் ஒலிவேகத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.