ஒரு வருடமா, மூன்று வருடமா?

கேள்வி: மகன் அமெரிக்காவில் படித்த கல்லூரியின் ஃபுட்பால் (பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ரகம்) டீமுக்குப் புது கோச் வந்து முதல் சீசனே சொதப்பல். ஞாயிறு விடிகாலையில் பட்டாலையில் எவர்சில்வர் சொம்பின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து மேட்ச் பார்க்கிறான். ‘மூணு வருஷம் கொடுக்கணும்’ என்கிறான். மைத்துனரோ ‘அடுத்த வருஷமே ஜெயிக்கணும்’ என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: பத்து வருடம் முன்னால் கேட்டிருந்தால் உங்கள் மகன் கட்சிதான். நிக் சபன் 2007-ல் அலபாமா பல்கலைக்கழக டீமுக்குக் கோச்சாக வந்தபோது முதல் சீசனில் 7 வெற்றி, 6 தோல்வி. 2009-ல் ஒரு மேட்ச் கூடத் தோற்காமல் சாம்பியன். அப்போது பள்ளிப் பையன்களைப் பொறுக்கி வளர்த்துத்தான் டீம் கட்ட வேண்டும், அதற்கு நாளாகும். வீரர் கல்லூரி மாறினால் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும் என்ற விதி 2021-லிருந்து தளர்ந்துவிட்டது. வேறு கல்லூரியில் ஆடித் தேறியவர்களை உடனே இறக்கலாம், அப்புறம் கணக்கே வேறு. 2023-ல் மூன்றே மேட்ச் ஜெயித்த இண்டியானா பல்கலைக்கழகம், புது கோச் கர்ட் சிக்னெட்டி தன் பழைய டீம் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்ததும் 2024-ல் 11 ஜெயித்தது. ஆனால் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2023-ல் வந்த கோச் டியான் சாண்டர்ஸ் டீமையே கலைத்துப் போட்டும் முதல் வருடம் 4 வெற்றிதான், 9 வந்தது அடுத்த வருடம்.

என் ஓட்டு இரண்டு வருடத்துக்கு. மைத்துனர் கோபித்துக்கொள்ள வேண்டாம். சரி, அந்தச் சொம்பில் தண்ணீர் இல்லையே?