கொக்கி போட்ட இரும்புச் சுவர் (வாசகர் கேள்வி, நம்ம பதில்)

கேள்வி: இன்ஜினே இல்லாத காலத்துல ஆத்துக்குள்ள பாலம் கட்டினவங்க, அவ்வளவு பெரிய கம்பத்தை எப்படித்தான் மண்ணுல இறக்கினாங்க?

பதில்: மரம், கயிறு, ஆள் பலம், இந்த மூணுதாங்க. கிமு 55-ல ஜூலியஸ் சீசர் ரைன் நதிக்கு குறுக்க 10 நாள்ல ஒரு மரப்பாலம் போட்டு படையை அந்தக் கரைக்கு கொண்டு போனார், அதுக்கான மரமுளைங்களை (மண்ணுல இறக்குற கம்பங்களை) ஒரு மெஷின் வச்சு மேல தூக்கி விடுற கனமான கட்டையாலதான் அடிச்சு இறக்கினாங்க. அப்புறம் நூத்துக்கணக்கான வருஷத்துக்கு ஐடியா மாறவே இல்ல. மேல ஒரு கப்பி, அதுல ஒரு கயிறு, ஒரு முனையில கட்டை, இன்னொரு முனை பல கயிறா பிரிஞ்சு ஆளாளுக்கு ஒண்ணு, எல்லாரும் சேர்ந்து இழுத்து சேர்ந்து விடணும். வெனிஸ்ல ரியால்டோ பாலம் (1588-ல ஆரம்பிச்சு 1591-ல முடிஞ்சது) கிட்டத்தட்ட 12,000 மரமுளை மேல நிக்குது, அத்தனையும் இப்படி கையால அடிச்சதுன்னு நினைச்சா எனக்கு இன்னிக்கும் பிரமிப்பா இருக்கு. 1730-கள் கடைசியில லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்கு ஜேம்ஸ் வாலூங்கிற வாட்ச் செய்றவர் ஒரு மெஷின் செஞ்சார், குதிரைங்க சுத்திச் சுத்தி நடந்தா கட்டை மேல போகும், உச்சிக்கு போனதும் இடுக்கி தானா திறந்து கட்டையை விட்டுடும்.

கேள்வி: நீராவி வந்ததும் வேலை சுலபமாயிடுச்சா? வெறும் வேகம் கூடினது மட்டும்தானா?

பதில்: வேகம் மட்டும் இல்ல, அடிக்கிற முறையே மாறிப்போச்சு, பலர் கவனிக்காத விஷயம் இதுதான். பழைய முறையில கட்டை லேசா இருக்கும், ரொம்ப உயரத்துல இருந்து விழும், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல பல நிமிஷம் போயிடும். நீராவிச் சுத்தியல் செஞ்ச இன்ஜினியர் ஜேம்ஸ் நாஸ்மித் இதை அப்படியே தலைகீழா யோசிச்சார், கனமான சுத்தியல், சில அடி உயரம்தான் விழணும், ஆனா நிமிஷத்துக்கு சுமார் 80 தடவை விழணும். இன்னொண்ணு, அந்த மெஷினோட எடையே முளையோட தோள் மேல உக்காந்திருக்கும், முளை இறங்க இறங்க அதுவும் கூடவே இறங்கும். 1845-ல இங்கிலாந்துல டெவன்போர்ட் கடற்படைத் தளத்துல பழைய முறைக்கும் இதுக்கும் ஒரு போட்டி வச்சாங்க, ரெண்டு பக்கமும் 70 அடி நீளம் 18 அங்குல சதுரத்துல ஒரே மாதிரி மரமுளை, நாஸ்மித் மெஷின் நாலரை நிமிஷத்துல முடிச்சுது, பழைய முறைக்கு 12 மணி நேரம் ஆச்சுன்னு அவரே எழுதி வச்சிருக்கார். அதைவிட எனக்குப் பிடிச்சது என்னன்னா, பழைய முறையில அடிச்ச முளையோட தலை நாரு நாரா கிழிஞ்சு துடைப்பம் மாதிரி ஆயிடுமாம், இவரோடதுல தலை சுத்தமா அப்படியே இருந்துச்சாம். அடியோட சக்தி தலையை உடைக்கிறதுல வீணாகாம கீழ மண்ணுக்கு போயிருக்குன்னு அர்த்தம். அப்புறம் இங்கிலாந்து நியூகாஸில்ல இன்ஜினியர் ராபர்ட் ஸ்டீபன்சனோட ஹை லெவல் பாலத்துக்கும் இதே மெஷின்தான்.

கேள்வி: ஷீட் பைல்னு சொல்றாங்களே, வெறும் இரும்புத் தகடை வரிசையா அடிச்சா தண்ணி உள்ள வராதா?

பதில்: பைல்னா மண்ணுல இறக்குற முளை, ஷீட் பைல்னா தகடு வடிவத்துல இருக்குற முளை, வரிசையா இறக்கினா சுவர் மாதிரி தண்ணியையும் மண்ணையும் தடுக்கும். வெறும் தகடா இருந்தா தண்ணி கண்டிப்பா வரும், ரகசியம் ஓரத்துல இருக்குற கொக்கியில இருக்கு. சைட்ல அதை இன்டர்லாக்னு சொல்லுவாங்க, ஒரு பைலோட ஓரம் வளைஞ்சு அடுத்த பைலோட ஓரத்துக்குள்ள போய் மாட்டிக்கும், புதுசை மேல இருந்து அந்தப் பள்ளத்துலயே கோர்த்து இறக்கணும். ஆரம்பத்துல கொஞ்சம் கசியத்தான் செய்யும், ஆனா வெளிப்பக்கத் தண்ணி உள்ள வரும்போது மண்ணையும் சேறையும் இழுத்துட்டு வந்து இடுக்கை அடைச்சுக்கும், அவசரம்னா வெளிப்பக்கம் சாம்பலோ மரத்தூளோ கொட்டுவாங்க, அது போய் உக்காந்துக்கும்.

ஸ்டீல் பைலுக்கு முன்னாடி வார்ப்பிரும்புல பண்ணிப் பார்த்தாங்க, 1822-ல பீட்டர் யூவர்ட் இங்கிலாந்துல காப்புரிமை வாங்கினார், ஆனா வார்ப்பிரும்பு ஓங்கி அடிச்சா உடைஞ்சுடும், சுத்தியலுக்கும் அதுக்கும் ஒத்தே வராது. ஸ்டீலை உருளையில விட்டு நீளமா உருட்டி எடுக்க ஆலைங்க கத்துக்கிட்ட பிறகுதான் விஷயம் கை கூடுச்சு. 1902-ல ஜெர்மனி பிரேமன்ல அரசு இன்ஜினியரா இருந்த ட்ரிக்வே லார்சன் தகடை தட்டையா விடாம தொட்டி மாதிரி வளைச்சார், ஒண்ணு உள்பக்கம் அடுத்தது வெளிப்பக்கம்னு மாத்தி மாத்தி நிறுத்தினா சுவர் அலை அலையா வரும், ஒரு பேப்பரை மடிச்சு நிறுத்தினா நிக்குற மாதிரி அதே இரும்புக்கு பல மடங்கு பலம். பெரிய பெரிய சுத்தியலைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க, இந்த வளைவையும் ஓரத்துல இருக்குற சின்னக் கொக்கியையும் யாரும் பேசுறதில்லன்னு எனக்கு நிஜமாவே வருத்தம்.

கேள்வி: ஷீட் பைல்ல யூ (U) வடிவம், இசட் (Z) வடிவம், எது நல்லது? (சிவில் டிப்ளமா மாணவர்)

பதில்: யூ-ல (மேல சொன்ன தொட்டி மாதிரி வளைஞ்சது) கொக்கி சுவரோட நடுக்கோட்டுல வரும், சுவர் வளையும்போது ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கப் பார்க்குற விசை அங்கதான் அதிகம், அதனால ஜோடி ஜோடியா கொக்கியை நசுக்கி இறுக்கிட்டு அடிக்கிற பழக்கம் இருக்கு. இசட்-ல கொக்கி வெளி ஓரத்துல வர்றதால அந்தக் கவலை இல்ல. இடத்தையும் மண்ணையும் பார்த்து முடிவு பண்ணுங்க.

கேள்வி: அந்தக் கொக்கி அவ்வளவு பலமா? இழுத்தா கழண்டுடாதா?

பதில்: ஹவானா துறைமுகத்துல நடந்ததைச் சொல்றேன். 1898 பிப்ரவரி 15 ராத்திரி மெயின்ங்கிற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடிச்சு 260 பேருக்கு மேல செத்துப்போனாங்க, கப்பல் சேத்துல புதைஞ்சு கிடந்துச்சு. 1910-ல அதை எடுக்க முடிவு பண்ணி கப்பலைச் சுத்தி தட்டையான ஷீட் பைலை வட்ட வட்டமா அடிச்சாங்க, ஒவ்வொண்ணும் 50 அடி விட்டம், மொத்தம் 20 வட்டம், உள்ள களிமண்ணை நிரப்பினாங்க. நிரப்பின மண்ணு வெளிய தள்ளும், பீப்பாயைச் சுத்தின பட்டை மாதிரி அந்த வட்டம்தான் பிடிச்சு நிக்கணும், அதாவது முழு இழுவையும் கொக்கி மேல. தாங்குச்சு. தண்ணியை இறைச்சு, கப்பலை வெட்டி சரி பண்ணி மிதக்க வச்சு, 1912 மார்ச் 16-ல மரியாதையோட நடுக்கடல்ல மூழ்கடிச்சாங்க.

கேள்வி: வீட்டுப் பக்கத்துல பைலிங் நடந்தா சத்தத்துல தூங்க முடியல. சத்தமில்லாம பண்ண வழியே இல்லையா?

பதில்: இருக்குங்க. நீங்க கேக்குற டம் டம் சத்தம் அநேகமா டீசல் ஹேமரா இருக்கும், சுத்தியல் விழும்போது காத்து அழுந்தி டீசல் பத்திக்கும், அந்த வெடிப்பு சுத்தியலை மறுபடி தூக்கும். (மண்ணு ரொம்ப இளகலா இருந்தா பைல் சட்டுன்னு இறங்கிடும், காத்து போதுமான அளவு அழுந்தாது, மெஷின் ஓடாம நின்னுடும்.) அடுத்து வைப்ரோ ஹேமர், அடிக்காம அதிர வச்சே இறக்குறது, 1949-ல சோவியத் யூனியன்ல கார்க்கி நீர்மின் நிலைய வேலையில இதை ஷீட் பைலுக்கு பயன்படுத்தினாங்க, மணல்ல பிரமாதமா போகும், கெட்டியான களிமண்ல திணறும். மூணாவதுதான் உங்களுக்கு வேண்டியது. 1975-ல ஜப்பான்ல கிட்டமுரா அக்கியோ கொண்டு வந்த சைலன்ட் பைலர், ஏற்கனவே இறக்கின ரெண்டு மூணு பைலோட தலையை கெட்டியா பிடிச்சுக்கிட்டு, அதையே ஆதாரமா வச்சு அடுத்த பைலை ஹைட்ராலிக்கால அழுத்தும், அப்புறம் புதுசு மேல ஏறி நகர்ந்து அதுக்கு அடுத்தது. அடியும் இல்ல, பெரிய அதிர்வும் இல்ல. காண்ட்ராக்டர்கிட்ட பேசும்போது "அழுத்தி இறக்குற மெஷின் கொண்டு வர முடியுமா"ன்னு கேளுங்க, பக்கத்துல ஆஸ்பத்திரியோ பழைய கட்டிடமோ இருந்தா அதையும் சேர்த்துச் சொல்லுங்க.